மூலநிரலிலிருந்து தொலைபேசி இணைப்பகம்: ஆஸ்டரிஸ்க் மென்பொருளைத் தொகுத்தலும் நிறுவுதலும்

1. முன்னுரை

தொலைபேசி இணைப்பகம் என்பது நெடுங்காலம் இரும்புப் பேழைக்குள் அடங்கிய பொறியாகவே இருந்துவந்தது. அதனை வாங்கிய அலுவலகம் அதன் உள்ளமைப்பை அறிய வேண்டிய தேவை எழவில்லை; அறிய விரும்பினாலும் வழியில்லை. பேச்சு இணையத்தின் வழியாகச் செல்லத் தொடங்கிய பின்னர் இணைப்பகத்தின் பணியைச் சாதாரணக் கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளே ஏற்றுக்கொண்டது. அம்மென்பொருள்களுள் சில, தம் மூலநிரலோடு எல்லோருக்கும் கிடைக்கின்றன.

மூலநிரலைப் பெற்று, அதனைத் தன் கணிப்பொறிக்கு ஏற்பத் தொகுத்து நிறுவிக்கொள்ளும் முறை பொறியாளர்க்கு மட்டுமே உரிய செயலாகக் கருதப்படுகின்றது. எனினும் இணைப்பகம் மனிதரோடு பேசும் பொறியாகும். அது எண்களைச் சொல்கின்றது, நேரத்தைச் சொல்கின்றது, காத்திருக்கச் சொல்கின்றது. எந்த மொழியில், எந்த இலக்கணப்படி சொல்லவேண்டும் என்பது மூலநிரலிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே மூலநிரலைத் தொகுக்கும் திறன் மொழி ஆய்வாளர்க்கும் தொடர்புடைய ஒன்றாகின்றது. ஆஸ்டரிஸ்க் என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொண்டு, தொகுத்தல், நிறுவுதல் ஆகிய படிகளை விளக்குவதும், அவற்றால் மொழிக்கு விளையும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. இணையத் தொலைபேசி இயங்கும் முறை

மரபுவழித் தொலைபேசியில் ஓர் அழைப்பு நிகழும்போது இரு முனைகளுக்கும் இடையே ஒரு தடம் முழுவதும் அவ்வழைப்புக்கே ஒதுக்கப்படுகின்றது. இணையத் தொலைபேசியில் அத்தகைய ஒதுக்கீடு இல்லை. பேச்சு எண்மயமாக்கப்பட்டுச் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. மறுமுனை அப்பொதிகளை வரிசைப்படுத்தி மீண்டும் ஒலியாக்குகின்றது. 1995 பிப்ரவரியில் இசுரேலின் வோகல்டெக் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்ற தொடக்க முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது.

இணையத் தொலைபேசியில் இருவகைப் போக்குவரத்துகள் உள்ளன. ஒன்று, அழைப்பை ஏற்படுத்துதல், மணியடித்தல், முடித்தல் ஆகியவற்றுக்கான குறிப்புரைகள். மற்றொன்று, பேச்சு. குறிப்புரைகளுக்குப் பரவலாகக் கையாளப்படும் நெறிமுறை சிப் என்பதாகும். இது 1999 இல் இணையத் தரமாக வெளியிடப்பட்டு 2002 இல் திருத்தியமைக்கப்பட்டது. ஒரு கருவி மற்றொன்றை அழைக்கும்போது ‘இன்வைட்’ என்னும் வேண்டுகோள் செல்கின்றது. மறுமுனையில் மணியடிப்பதை 180 என்னும் எண்ணும், ஏற்றுக்கொண்டதை 200 என்னும் எண்ணும் அறிவிக்கின்றன. பேச்சு முடிந்ததும் ‘பை’ என்னும் குறிப்புரை செல்கின்றது. இவை அனைத்தும் படித்துப் பொருளறியத்தக்க எழுத்துரையாகவே அமைவதால், பழுது கண்டறிதல் எளிதாகின்றது.

பேச்சைச் சுமப்பது ஆர்டிபி என்னும் வேறொரு நெறிமுறை. ஒலியை எண்ணாக மாற்றும் பணியைக் கோடெக் எனப்படும் ஒலிக்குறிமாற்றி செய்கின்றது. ஜி.711 என்னும் குறிமாற்றி ஒரு நொடிக்கு 8000 மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றையும் 8 பிட்டுகளால் குறிக்கின்றது. ஆகவே நொடிக்கு 64,000 பிட்டுகள் தேவை. 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி என அனுப்பினால் ஒவ்வொரு பொதியிலும் 160 பைட்டு பேச்சு இருக்கும். அதனோடு முகவரி முதலிய தலைப்புச் செய்திகளுக்கு 40 பைட்டுகள் சேரும். நொடிக்கு 50 பொதிகள் என்னும் கணக்கில் மொத்தத் தேவை 80,000 பிட்டுகளாகின்றது. ஜிஎஸ்எம் குறிமாற்றியில் 20 மில்லிநொடிப் பேச்சு 33 பைட்டுகளில் அடங்குகின்றது. தலைப்போ 40 பைட்டு. அதாவது சுமக்கப்படும் பேச்சைவிட அதன் மேலுறை பெரிது. இரு முனைகளும் வெவ்வேறு குறிமாற்றிகளைப் பயன்படுத்தினால் இடையிலுள்ள இணைப்பகம் ஒவ்வொரு பொதியையும் மாற்றித் தரவேண்டும். எந்தக் குறிமாற்றிகளைச் சேர்த்துத் தொகுப்பது என்னும் முடிவு இக்கணக்கைப் பொறுத்தே அமைகின்றது.

3. ஆஸ்டரிஸ்க்: தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாணவராக இருந்த மார்க் ஸ்பென்சர், 1999 இல் லினக்ஸ் பயனர்களுக்கு உதவும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர் அழைப்புகளைப் பகிர்ந்தளிக்க ஓர் இணைப்பகம் தேவைப்பட்டது. விற்பனையில் இருந்தவை அவருடைய முதலீட்டுக்கு எட்டாத விலையில் இருந்தன. எனவே அவரே ஒன்றை எழுதினார். அதுவே ஆஸ்டரிஸ்க் ஆயிற்று. யூனிக்ஸ் வழக்கில் ‘எல்லாம்’ என்னும் பொருளில் வழங்கும் உடுக்குறியின் பெயரே மென்பொருளுக்கும் இடப்பட்டது. அவருடைய நிறுவனம் பின்னர் டிஜியம் எனப் பெயர் மாற்றம் பெற்று ஹன்ட்ஸ்வில் நகரிலிருந்து இயங்கியது. 2018 இல் கனடாவின் சங்கோமா நிறுவனம் அதனைக் கையகப்படுத்தியது.

மென்பொருள் மட்டும் இருந்தால் கணிப்பொறிகளுக்கு இடையே பேசலாம். பழைய தொலைபேசிக் கம்பியோடு இணைய இயலாது. இக்குறையை ஜிம் டிக்சன் என்பவரின் சப்பாட்டா திட்டம் நீக்கியது. விலையுயர்ந்த தனிச் சில்லுகள் செய்துவந்த வேலையைக் கணிப்பொறியின் மையச் செயலகமே செய்யும்படி எளிய அட்டைகளை அவர் வடிவமைத்தார். அவற்றுக்கான இயக்கி மென்பொருள் முதலில் சாப்டெல் என்றும், வணிகப்பெயர்ச் சிக்கல் காரணமாக 2008 முதல் டாடி என்றும் வழங்கப்படுகின்றது.

ஆஸ்டரிஸ்க் பொதுப் பயன்பாட்டு உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியிடப்படுகின்றது. இவ்வுரிமம் பெறுவோர்க்கு நிரலைப் படிக்கவும் மாற்றவும் பரப்பவும் உரிமை தருகின்றது. மாற்றியதைப் பரப்புவோர் மூலநிரலையும் தரவேண்டும் என்னும் கடமையையும் விதிக்கின்றது. இதன் பதிப்புகளுள் 20, 22 போன்ற இரட்டை எண் பதிப்புகள் நீண்டகாலப் பராமரிப்புக்கு உரியவை. நிலையான பணிக்கு இவற்றையே தேர்ந்தெடுத்தல் நன்று. 22 ஆம் பதிப்பு 2024 இல் வெளிவந்தது.

4. மூலநிரலும் இயங்குநிரலும்

மனிதர் படித்தறியும்படி எழுதப்பட்டது மூலநிரல். ஆஸ்டரிஸ்க் சி என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டுள்ளது. கணிப்பொறியின் செயலகம் இதனை நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. கம்பைலர் எனப்படும் தொகுப்பி இதனைச் செயலகத்தின் கட்டளைகளாக மாற்றுகின்றது. இவ்வாறு கிடைப்பது இயங்குநிரல். மூலநிரலிலிருந்து இயங்குநிரலைப் பெறுவது எளிது. இயங்குநிரலிலிருந்து மூலநிரலை முழுமையாக மீட்டெடுப்பது இயலாது. மாற்றம் செய்யும் ஆற்றல் மூலநிரலை உடையவரிடமே தங்குகின்றது.

பல லினக்ஸ் வழங்கல்களில் ஆஸ்டரிஸ்க் ஆயத்த இயங்குநிரலாகக் கிடைத்துவந்துள்ளது. ஒரே கட்டளையில் அதனை நிறுவிவிடலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாக வந்துசேரும். அவ்வாறிருக்க மூலநிரலிலிருந்து தொகுக்கவேண்டிய தேவை யாது என்னும் வினா எழுதல் இயல்பு. இதற்கு நான்கு காரணங்கள் கூறலாம். வழங்கலில் உள்ள பதிப்பு பழையதாக இருக்கலாம். தேவையான கூறு அதில் சேர்க்கப்படாமல் இருக்கலாம். தொலைபேசி அட்டைக்குரிய இயக்கி கணிப்பொறியில் உள்ள லினக்ஸ் கருவகத்தின் பதிப்போடு பொருந்தவேண்டியிருக்கலாம். இறுதியாக, நிரலிலேயே திருத்தம் செய்யவேண்டியிருக்கலாம். முதல் மூன்றும் வசதி பற்றியவை. நான்காவது உரிமை பற்றியது.

5. தொகுத்து நிறுவும் படிகள்

5.1 ஆயத்தம்

ஆஸ்டரிஸ்க் திட்டத்தின் அதிகாரமுறைத் தளத்திலிருந்து மூலநிரல் தொகுதியைத் தரவிறக்கவேண்டும். அதனோடு வெளியிடப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுதல் தவிர்க்கக்கூடாத முதற்படி. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் முற்றிலும் மாறிவிடும். இணைப்பகம் அலுவலகத்தின் எல்லா உரையாடல்களும் கடந்துசெல்லும் இடமாதலின் இச்சோதனை இன்றியமையாதது.

தொகுதியை விரித்தபின் கிடைக்கும் அடைவில், முன்தேவைகளை நிறுவுவதற்கென எழுதப்பட்ட துணைநிரல் ஒன்று உள்ளது. அது வழங்கலின் வகையை அறிந்து, தொகுப்பி, எஸ்கியூலைட், எக்ஸ்எம்எல் நிரலகம், ஓப்பன்எஸ்எஸ்எல் முதலியவற்றை நிறுவுகின்றது. நிரலகங்கள் இயங்குவடிவில் மட்டும் இருத்தல் போதாது. அவற்றின் தலைப்புக் கோப்புகளைக் கொண்ட மேம்பாட்டுத் தொகுதிகளும் வேண்டும். தொடக்கநிலையினர் சந்திக்கும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டை உணராமையால் விளைபவை.

பொதுத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் அட்டை உண்டெனில் டாடி இயக்கியையும், பிஆர்ஐ நிரலகத்தையும் முன்னதாகவே தொகுத்து நிறுவிவிட வேண்டும். வரிசை மாறினால் ஆஸ்டரிஸ்க் அவற்றை அறியாமலே தொகுக்கப்படும். அட்டை இருந்தும் பயனின்றிப் போகும்.

5.2 சூழலாய்வு

அடுத்த படி ‘கான்ஃபிகர்’ என்னும் நிரலை இயக்குதல். இது எதனையும் தொகுப்பதில்லை. கணிப்பொறியில் எவை உள்ளன, எவை இல்லை என்பதை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அம்முடிவுகளைக் கோப்பில் எழுதிவைக்கின்றது. ஒவ்வொரு நிரலகத்தையும் தேடி ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ எனத் திரையில் அறிவிக்கின்றது. கட்டாயமான ஒன்று இல்லையெனில் அதன் பெயரைச் சுட்டி நின்றுவிடும். கட்டாயமல்லாத ஒன்று இல்லையெனில் நிற்காது. அதனைச் சார்ந்த கூறு மட்டும் பின்னர்த் தேர்வு செய்ய இயலாததாகும். ஆகவே ஆய்வு முடிந்தது என்பதைக் கொண்டே யாவும் உள்ளன எனக் கொள்ளுதல் தவறு. வெற்றியாக முடிந்தால் டாலர் குறிகளால் வரையப்பட்ட ஆஸ்டரிஸ்க்கின் சின்னம் திரையில் தோன்றும்.

சிப் நெறிமுறையைக் கையாளும் பிஜேபுராஜெக்ட் என்னும் நிரலகம் பற்றி இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். தொடக்கப் பதிப்புகள் ‘சான் சிப்’ என்னும் கூறினைக் கொண்டிருந்தன. 2013 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பு முதல் பிஜேசிப் என்னும் புதிய கூறு இடம்பெற்றது. பழைய கூறு 2023 இல் வெளிவந்த 21 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய கையேடுகளைப் பின்பற்றுவோர் இம்மாற்றத்தை மனத்திற்கொள்ள வேண்டும். பிஜேபுராஜெக்ட் நிரலகத்தின் ஏற்ற பதிப்பை ஆஸ்டரிஸ்க்கோடு சேர்த்தே தொகுத்தல் பாதுகாப்பான வழியாகும்.

5.3 கூறுகளைத் தேர்தல்

‘மேக் மெனுசெலக்ட்’ என்னும் கட்டளை ஒரு பட்டியலைக் காட்டுகின்றது. செயலிகள், குறிமாற்றிகள், அழைப்புத் தடங்கள், ஒலித்தொகுதிகள் என அது பலவகைப்படும். தேர்ந்தவை உடுக்குறியாலும், சார்புகள் நிறைவுறாதவை மூன்று பெருக்கற்குறிகளாலும் அடையாளம் காட்டப்படுகின்றன. பெருக்கற்குறியுள்ள வரியில் நின்றால் எது இல்லாமையால் அக்கூறு தடைப்பட்டது என்பதைப் பட்டியலின் கீழே காணலாம். அதனை நிறுவி, கான்ஃபிகர் நிரலை மீண்டும் இயக்கினால் தடை நீங்கும்.

இப்பட்டியலில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, தொகுப்பியின் விருப்பங்களில் ‘பில்டு நேட்டிவ்’ என்பது. இது தேர்வில் இருந்தால் இயங்குநிரல் அக்கணிப்பொறியின் செயலகத்துக்கே உரியதாக அமையும். அதனைப் பழைய செயலகம் கொண்ட வேறொரு கணிப்பொறிக்குப் பெயர்த்தால் ‘ஏற்கவியலாக் கட்டளை’ என்னும் பிழையோடு நின்றுவிடக்கூடும். இரண்டாவது, ஜி.729 போன்ற சில குறிமாற்றிகள். இவை மூலநிரலாக அன்றி ஆயத்த இயங்குநிரலாகவே தரவிறக்கப்படுகின்றன. ஆகவே திறந்த மூலநிரல் மென்பொருளிலும் திறவாத பகுதிகள் உண்டு என்பதை அறியலாம். மூன்றாவது, ஒலித்தொகுதிகள். ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், ருசியம், சப்பானியம், சுவீடியம் முதலிய மொழிகளில் பதிவு செய்யப்பட்ட அறிவிப்புகள் இப்பகுதியில் உள்ளன. தமிழ் இவற்றுள் இடம்பெறவில்லை.

5.4 தொகுத்தல்

‘மேக்’ என்னும் கட்டளையே தொகுத்தலைத் தொடங்குகின்றது. இக்கருவி பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பவரால் 1976 இல் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு மூலக் கோப்பும் தனித்தனியே இடைநிலைக் கோப்பாக மாற்றப்பட்டு, பின்னர் அவை யாவும் பிணைக்கப்பட்டு இயங்குநிரலாகின்றன. ஆஸ்டரிஸ்க்கில் மையநிரல் ஒன்றும், தேவைக்கேற்ப ஏற்றப்படும் கூறுகள் பலவும் இவ்வாறு உருவாகின்றன.

மேக் கருவியின் சிறப்பு அதன் சிக்கனமாகும். மூலக் கோப்பின் நேரமும் அதிலிருந்து உருவான கோப்பின் நேரமும் ஒப்பிடப்படுகின்றன. மூலக் கோப்பு பிந்தியதாக இருந்தால் மட்டுமே மீண்டும் தொகுக்கப்படும். ஆதலின் முதல் முறை நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும் தொகுப்பு, ஒரு கோப்பில் மட்டும் திருத்தம் செய்த பின்னர் விரைவில் முடிந்துவிடும். தொகுப்பு இடையில் நின்றால் திரையின் இறுதி வரியை அன்றி, அதற்கு மேலே முதலாவதாகத் தோன்றிய பிழைச் செய்தியைப் படித்தல் வேண்டும். பின்வருபவை அதன் விளைவுகளாகவே இருக்கும்.

5.5 நிறுவுதல்

தொகுத்தவற்றை உரிய அடைவுகளில் அமர்த்துவது ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளை. இதற்கு மேலாளர் உரிமை தேவை. தொகுத்தலுக்கு அவ்வுரிமை தேவையில்லை. சாதாரணப் பயனராகத் தொகுத்து, நிறுவும்போது மட்டும் மேலாளராதல் நல்வழக்கு. ‘மேக் சாம்பிள்ஸ்’ என்பது மாதிரி அமைப்புக் கோப்புகளை இடுகின்றது. முன்பிருந்த அமைப்புக் கோப்புகளின் இடத்தில் இவை அமர்ந்துவிடுமாதலால், பணியிலுள்ள இணைப்பகத்தில் இக்கட்டளையைப் பயன்படுத்தலாகாது. ‘மேக் கான்ஃபிக்’ என்பது, கணிப்பொறி தொடங்கும்போதே ஆஸ்டரிஸ்க்கும் தொடங்கும்படி செய்கின்றது. இயங்கும் காலத்தில் ஆஸ்டரிஸ்க் மேலாளராக அன்றி, அதற்கெனப் படைத்த தனிப் பயனராக இயங்குதல் பாதுகாப்பைத் தரும்.

6. முதல் அழைப்பும் பழுதுகளும்

நிறுவிய இணைப்பகத்துக்கு இரண்டு செய்திகளை அறிவிக்கவேண்டும். எந்தெந்தக் கருவிகள் தன்னோடு இணையலாம் என்பது ஒன்று. எந்த எண்ணை அழைத்தால் என்ன செய்யவேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைப் பிஜேசிப் அமைப்புக் கோப்பும், பின்னதை அழைப்புத் திட்டக் கோப்பும் கொண்டுள்ளன. அழைப்புத் திட்டத்தின் ஒவ்வொரு வரியிலும் எண், வரிசை, செயல் என்னும் மூன்றும் அமையும். 100 என்னும் எண்ணை அழைத்தால் முதலில் அழைப்பை ஏற்க, அடுத்து வணக்க ஒலியை இசைக்க, பின்னர் முடிக்க என மூன்று வரிகள் எழுதிச் சோதித்தல் மரபு. அவ்வொலி கேட்குமாயின் குறிப்புரைப் பாதையும் பேச்சுப் பாதையும் சீராக உள்ளன எனக் கொள்ளலாம்.

மணி அடித்தும் ஒருபக்க ஒலி மட்டும் கேட்பது பரவலான பழுதாகும். குறிப்புரைகள் வழக்கமாக 5060 என்னும் வாயில் எண் வழியாகச் செல்கின்றன. பேச்சோ வேறு வாயில்கள் வழியாகச் செல்கின்றது; மாதிரி அமைப்பில் இவை 10000 முதல் 20000 வரை. தீயரண் முன்னதற்கு வழிவிட்டு, பின்னதைத் தடுத்தாலோ, முகவரி மாற்றும் கருவிக்குப் பின்னிருக்கும் இணைப்பகம் தன் உள்முகவரியை வெளியே அறிவித்தாலோ இப்பழுது நேரும். முன்பு கூறிய இரு போக்குவரத்துகளின் வேறுபாட்டை அறிந்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும்.

எளிய கடவுச்சொற்களை விட்டுவைத்தல் பெருங்கேடு தரும். திறந்திருக்கும் இணைப்பகங்களைத் தேடியறிந்து, அவற்றின் வழியே வெளிநாட்டு அழைப்புகள் மேற்கொண்டு, கட்டணச் சுமையை உரிமையாளர்மீது ஏற்றும் மோசடி நெடுங்காலமாக நிகழ்ந்துவருகின்றது. சட்ட வரையறையும் கருதத்தக்கது. இந்தியாவில் இணையத் தொலைபேசிச் சேவை 2002 ஏப்ரல் 1 முதல் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. அலுவலக இணைப்பகத்தைப் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணைப்போர் உரிமம் பெற்ற சேவையாளர் வழியாகவும், அரசு விதிகளுக்கு உட்பட்டும் அதனைச் செய்தல் வேண்டும்.

7. எண்ணுரைப்பும் மொழியும்

இதுவரை கூறியவற்றின் மொழிசார் பயனை எண்ணுரைத்தல் என்னும் ஒரு செயலைக் கொண்டு விளக்கலாம். ஆஸ்டரிஸ்க் ஓர் எண்ணைச் சொல்லும்போது முன்பே பதிவு செய்த சிறு ஒலிக்கோப்புகளைக் கோத்துச் சொல்கின்றது. எந்தக் கோப்புக்குப் பின் எது வரவேண்டும் என்னும் விதி, மையநிரலில் மொழிவாரியாகச் சி மொழியில் எழுதப்பட்டுள்ளது. அழைப்புக்குரிய மொழிக்குறியைக் கண்டு நிரல் அம்மொழியின் விதியைத் தேர்கின்றது. உரிய விதி இல்லாவிடின் ஆங்கில விதியே பின்பற்றப்படும்.

ஆங்கில விதிக்கு 0 முதல் 19 வரை 20 கோப்புகளும், 20 முதல் 90 வரையான பத்துகளுக்கு 8 கோப்புகளும், நூறு, ஆயிரம் என்பவற்றுக்கு இரண்டும் ஆக 30 கோப்புகள் இருந்தால் 9999 வரை சொல்லிவிடலாம். இதே 30 கோப்புகளைத் தமிழில் பதிவு செய்து ஆங்கில விதியின்படி கோத்தால் விளைவது பின்வருமாறு:

235 - இரண்டு, நூறு, முப்பது, ஐந்து
1999 - ஒன்று, ஆயிரம், ஒன்பது, நூறு, தொண்ணூறு, ஒன்பது
150000 - ஒன்று, நூறு, ஐம்பது, ஆயிரம்

இவை சொற்களால் தமிழே ஆயினும் அமைப்பால் தமிழ் அல்ல. முதலாவதைக் கேட்பவர் நான்கு தனித்தனி எண்கள் கூறப்பட்டதாகக் கொள்ளக்கூடும். மூன்றாவது, இலட்சம் என்னும் அலகே இல்லாத எண்முறையைக் கேட்பவர்மீது சுமத்துகின்றது. வங்கி இருப்பையோ, கட்டணத் தொகையையோ தொலைபேசியில் கேட்டறிபவர், குறிப்பாக எழுத்தறியாதவரும் பார்வையற்றவரும், தாம் கேட்டதைத் திரையில் பார்த்துச் சரிபார்க்க இயலாதவர்கள். அவர்களுக்கு இப்பிழை வெறும் நடைப்பிழை அன்று, பொருட்பிழையாகும்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் பின்வருவதற்கு ஏற்ப வடிவம் மாறுவன. தனித்து நிற்கையில் இருபது. ஒன்று தொடருமாயின் இருபத்து. அவ்வாறே நூறு - நூற்று, ஆயிரம் - ஆயிரத்து, இலட்சம் - இலட்சத்து, கோடி - கோடியே என அமையும். இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு என நூறுகள் தனி வடிவங்கள் பெறுகின்றன. ஒன்பதின் வழிவந்த தொண்ணூறும் தொள்ளாயிரமும் மேலும் வேறுபட்டவை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கு விரிவான இடம் தந்துள்ளார். நன்னூலாரும் இதனை எடுத்தோதுகின்றார். நிரலில் எழுதவேண்டிய விதியின் சாரம் இலக்கண நூல்களில் முன்பே உள்ளது எனலாம்.

இதனை நிரலாக்குதல் அரிதன்று. பெரிய அலகிலிருந்து தொடங்கி, எஞ்சுவது சுழியமா அன்றா என ஒவ்வொரு நிலையிலும் சோதிக்கவேண்டும். சுழியமெனில் நிறைவு வடிவமும், அன்றெனில் தொடர் வடிவமும் ஒலிக்கவேண்டும். இதற்கு 0 முதல் 19 வரை 20 கோப்புகள், பத்துகளுக்கு இரு வடிவமாக 16, நூறுகளுக்கு 18, 1000 முதல் 9000 வரையான ஆயிரங்களுக்கு 18. ஆக மொத்தம் 72 கோப்புகள் இருந்தால் 9999 வரை பிழையின்றிச் சொல்லலாம். எனினும் ‘இருபத்து’, ‘ஒன்று’ எனப் பிரித்து ஒலிப்பது ‘இருபத்தொன்று’ என்னும் இயல்பான ஒலிப்பாகாது. அவ்வியல்பு வேண்டுவோர் 0 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணையும் தனியே பதிவு செய்யலாம். அப்போது தேவை 136 கோப்புகளாகும். ஆஸ்டரிஸ்க்கின் உருது விதி, 1 முதல் 99 வரையான எண்ணுப்பெயர்கள் அம்மொழியில் தனித்தனி வடிவங்கள் என்பதால் இம்முறையையே மேற்கொண்டுள்ளது. ஓர் இந்திய மொழி தன் இயல்புக்கேற்ற விதியை நிரலில் பெற்றிருப்பதற்கு இது சான்றாகும்.

செய்முறை வருமாறு. எண்ணுரைப்பு விதிகள் அடங்கிய மூலக் கோப்பில் தமிழுக்கான செயற்கூறு ஒன்றை எழுதி, மொழிகளைத் தேரும் பகுதியில் அதனைச் சேர்க்கவேண்டும். ஒலிக்கோப்புகளை நொடிக்கு 8000 மாதிரிகள், ஒற்றைத் தடம் என்னும் அளவில் பதிந்து, தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியின் பெயரில் ஒலி அடைவில் இடவேண்டும். மீண்டும் மேக் கட்டளை தந்தால் திருத்திய கோப்பு மட்டும் தொகுக்கப்பட்டு மையநிரலோடு பிணைக்கப்படும். பின்னர் 0, 19, 20, 21, 90, 99, 100, 101, 900, 999, 1000, 1001, 9999 ஆகிய எண்களைச் சொல்லச் செய்து சோதிக்கவேண்டும். வடிவம் மாறும் எல்லைகளிலேயே பிழைகள் ஒளிந்திருக்கும். சி மொழி அறியாதோர்க்கு மாற்றுவழியும் உண்டு. எண்ணுரைப்பு விதிகளை அமைப்புக் கோப்பு ஒன்றில் வாய்பாடுகளாக எழுதி, மையநிரலின் விதிக்கு மாற்றாக அதனைப் பயன்படுத்தும் வசதி ஆஸ்டரிஸ்க்கில் தரப்பட்டுள்ளது. எனினும் மையநிரலில் சேர்த்துத் திட்டத்துக்கே அளித்தால், ஏற்கப்படுமிடத்து, உலகெங்கும் அம்மென்பொருளை நிறுவுவோர் அனைவர்க்கும் அது கிட்டும்.

8. முடிவுரை

மூலநிரலிலிருந்து இணையத் தொலைபேசி மென்பொருளை நிறுவுதல், ஆயத்தம், சூழலாய்வு, கூறு தேர்தல், தொகுத்தல், நிறுவுதல் என ஐந்து படிகளில் அமைகின்றது. ஒவ்வொரு படியிலும் நேரும் பிழைக்குக் காரணம் முந்தைய படியில் காணத்தக்கது. ஆயத்த இயங்குநிரலை நிறுவுவதைவிட இம்முறை கடினமானது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் தொகுக்கும் பொறுப்பையும் தருவது. பொதுவான தேவைகளுக்கு ஆயத்த நிரலே போதும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு பொறி தன் மொழியைப் பிழையாகச் சொல்லும்போது அதனைத் திருத்தும் வழி, மூலநிரலை உடையவர்க்கே திறந்திருக்கின்றது. மூடிய பேழையை வாங்கியவர் விற்றவரிடம் முறையிடலாம், அதற்குமேல் செய்வதற்கொன்றுமில்லை. திறந்த நிரலைப் பெற்றவர் தாமே திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். அதற்கு வேண்டுவன இரண்டு. விதியை வகுத்துத் தரும் இலக்கண அறிவு ஒன்று. அதனை நிரலாக்கித் தொகுக்கும் பயிற்சி மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடமே அமைதல் அரிது. மொழியியலாரும் நிரலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து எண்ணுப்பெயர்களிலிருந்து தொடங்குவாராயின், நாள், நேரம், பணத்தொகை என அப்பணி விரிந்துசெல்லும்.